நான்காவது துண்டு

தென்காசி,
சனிக்கிழமை மாலை

என் அன்புக்குரிய உங்களுக்கு,

போன சீசனில் குற்றால அருவிக்கரையில் நான் உங்களிடம் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் எனக்குள் நிற்காமல் சுற்றுகிறது. "தலையில எண்ணெய் போகலை, இன்னொரு வாட்டி நின்னுட்டு வாங்க." நீங்களும் போனீர்கள். தண்ணீர் செம்மண் நிறமானது. வெள்ளம் வருகிறதென்று சைரன் ஊதியதும் எல்லோரும் கரைக்கு ஓடிவந்தார்கள். நீங்கள் வரவில்லை.

இங்குள்ள டாக்டரம்மா சொன்னார்: "அந்த நெனப்போட மல்லுக்கட்டாதீங்க. அது வந்ததும் பக்கத்துல நிக்கிறவங்களுக்கு ஏதாவது செய்ங்க."

அதனால் சனிக்கிழமைதோறும் உங்கள் துண்டுகளைத் துவைத்து எடுத்துக்கொண்டு குற்றாலம் போகிறேன். குளித்துவிட்டு நடுங்குகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். கொடுக்கும் அந்த ஒரு நிமிடம் அது சுற்றுவதில்லை.

இன்று கொண்டுபோனது மூன்று. மூன்றையும் கொடுத்து முடித்த பிறகு, ஆலங்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் என்னிடம் நான்காவதாக ஒரு துண்டை நீட்டினாள்.

"அந்தப் பாறைகிட்ட நிக்கிற அண்ணாச்சி குடுத்தாவ, அக்கா. தொடைச்சிட்டு உங்ககிட்ட குடுக்கச் சொன்னாவ."

அவள் காட்டிய பாறையில் தண்ணீர் மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது.

மூலையில் நான் சிவப்பு நூலால் தைத்த குறி இருந்தது. அன்று நீங்கள் இடுப்பில் கட்டியிருந்த துண்டு. உங்களுக்கும் அங்கே யாரோ இதே வைத்தியத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள் போல.

முகத்தோடு சேர்த்து முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாசனை துளிகூட இல்லை.

போய்விட்டது. போதும், கரையேறி வாருங்கள்.

துண்டோடு நிற்கும்,
உங்கள் வீட்டுக்காரி