சுவருக்குள் போன சீப்பு

அன்புள்ள அத்தைக்கு, நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே பிளாஸ்டிக் குப்பையை அரைத்து, ஜிப்சம் மாவில் கலந்து, சுவர்ப்பலகை வார்க்கிறோம். நேற்று குனிந்தபோது, இடுப்பில் செருகியிருந்த உங்கள் மகனின் சிவப்புச் சீப்பு அரவை மெஷினில் விழுந்துவிட்டது. கோபப்படாதீர்கள். அவர் நினைவாக நான் கொண்டுவந்தது அது ஒன்றுதான். காய்ந்த பலகையில் சிவப்புப் புள்ளிகளைத் தடவிக்கொண்டே நின்றேன்.

"விடுக்கா, மாமா இனிமே சுவத்துக்குள்ள உக்காந்து தலை சீவிக்கட்டும்," என்றாள் கூட வேலை பார்ப்பவள்.

"அந்த நாலு முடியையா?" என்றேன். அவர் போனபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான், அத்தை.

அவருடைய எவர்சில்வர் டம்ளரை அனுப்பி வையுங்கள். அது விழுந்தால் மெஷினுக்குத்தான் பல் போகும். வேலைக்குப் போகிற வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மருமகள்