பாத்திரத்தில் மீந்தது

பிப்ரவரி 27, வியாழன்
பெங்களூர் காக்ஸ் டவுன் முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பள்ளி வேனைத் திருப்பவே இடமில்லை. தேஜஸ் இன்றும் பையை மறந்து ஏறினான். அவன் அம்மா வீணா பின்னாலேயே ஓடிவந்தார்.

மார்ச் 5, புதன்
சாம்பல் புதன். சர்ச்சில் விடியற்காலைத் திருவிருந்து ஆராதனை. ஆசீர்வதித்த திராட்சரசம், எங்கள் சபையில் ஒயின்தான், பாத்திரத்தில் மீந்தால் கொட்டக்கூடாது. போதகருக்குச் சர்க்கரை, பல வருடமாக நான்தான் குடித்து முடிப்பேன். இன்று கூட்டம் குறைவு, நிறைய மீந்துவிட்டது. குடித்துவிட்டு நேராகப் போய் வேனை எடுத்தேன்.

இரண்டாவது திருப்பத்தில் போலீஸ். பள்ளி வேன்களாகப் பார்த்து நிறுத்துகிறார்கள். மெஷினில் ஊதினேன். நாற்பத்தாறு. முப்பதைத் தாண்டினாலே வழக்காம். காலையிலேயே குடித்தாயா என்று கன்னடத்தில் கேட்டார் எஸ்.ஐ. முதல் ஸ்டாப்பில் ஏறிய ஆறு பிள்ளைகள் வேனிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கர்த்தருடைய பாத்திரத்தில் குடித்தேன் என்று நடுரோட்டில் எப்படிச் சொல்வது? நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள்.

ஷோபாவிடம் மட்டும் எல்லாம் சொன்னேன். "நீங்க குடிக்கிற ஆளா? கட்டினவளுக்குத் தெரியாதா?" என்று அழுதாள்.

மார்ச் 6
பள்ளியில் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். வீணாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். தேஜஸின் கையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

மார்ச் 10, திங்கள்
வக்கீல் ஜூடித் தலையில் அடித்துக்கொண்டார். "கால் மணி நேரம் கழிச்சு மறுபடி ஊதுறேன்னு கேட்டிருக்கலாமேண்ணா. வாயில ஒட்டியிருந்தது போய் அளவு குறைஞ்சிருக்கும். ரத்தம் எடுங்கன்னாவது கேட்டிருக்கலாம். ஏன் கேக்கல?"

ஏன் கேட்கவில்லை? கேக்கலாம்னு எவன் சொன்னான்? போலீஸ் ஊதுன்னா ஊதணும் — அவ்ளோதானே தெரியும். சே! இருபத்திரண்டு வருஷம் ஓட்டி என்ன புண்ணியம்.

மார்ச் 12
போதகர் சாட்சி சொன்னால் வழக்கை நடத்திப் பார்க்கலாம் என்கிறார் ஜூடித். போய்க் கேட்டேன். "சபை பேரு பேப்பர்ல வந்துடும் அப்பாதுரை. நான் ஜெபம் பண்றேன்" என்றார்.

மார்ச் 19
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 28, வெள்ளி
கோர்ட். வழக்கை நடத்தினால் வருடக்கணக்கில் இழுக்கும். ஒப்புக்கொண்டால் ஆறு மாதத்தில் லைசென்ஸ் திரும்பும். குடித்துவிட்டு ஓட்டினாயா என்றார் நீதிபதி. "ஹௌது ஸ்வாமி" என்றேன். ஆமாம் என்றேன்! ஷோபா பின் பெஞ்சில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். சோறு போடக் குனிந்தவள், என் முகத்தருகே ஒரு நொடி நின்று மெல்ல மூச்சை இழுத்தாள். நான் பார்த்துவிட்டதும் குழம்பை எடுத்து ஊற்றினாள்.