அது கல்லின் வாடை

சென்ற வாரம் மாடி வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தில் கோதுமை மாவைக் கொண்டுவந்து என் மூக்கருகே நீட்டினாள். நான் வீட்டிலேயே அரைத்து பிரட் சுடுவதைப் பார்த்து, அவளும் கல் வைத்த சின்ன மாவு மெஷின் ஒன்று வாங்கியிருந்தாள்.

“மோந்து பாருங்கக்கா. வெடி போட்ட எடத்துல வருமே, அந்த மாதிரி வாடை வருது.”

மாவில் லேசாகச் சாம்பல் நிறம் ஓடியிருந்தது. மாடிக்குப் போய் மெஷினை ஓடவிட்டுக் காது கொடுத்தேன்; கல் கிறீச்சிட்டது. மேலே இருந்த திருகைக் கொஞ்சம் தளர்த்தியதும் கிறீச்சிடல் நின்றது. “நைசா வேணும்னு ரொம்ப இறுக்கிட்ட. கல்லோட கல்லு உரசி உதிர்ற தூள்தான் இது. இந்த மாவக் கொட்டிரு” என்றேன்.

“சத்தத்த வச்சே எப்படிக்கா கண்டுபிடிச்சீக?”

“எல்லாம் பழக்கந்தான்.”

சொல்லிவிட்டுப் படி இறங்கியவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சத்தத்தை முதலில் கேட்டுச் சொன்னவள் நீ. இன்னொரு முறையும் உன்னை மறைத்துவிட்டேன்.

எம். புதுப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை நாம் இருவரும் ஒரே பெஞ்சு. எங்களுக்குப் பருத்திக் காடு இருந்தது. அந்தக் காட்டில் உன் அம்மா கூலிக்குப் பருத்தி எடுத்தாள். எட்டாவது முடிந்ததும் நான் சாத்தூருக்குப் படிக்கப் போனேன். நீ பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினாய்.

நான் சிவகாசியில் வாழ்க்கைப்பட்டு எத்தனையோ வருடம் கழித்து என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கூடியது. கடையில் விற்கும் கோதுமை பிரட்டில் மைதாதான் அதிகம் என்று கேள்விப்பட்டு, என் மகள் கோவையிலிருந்து கல் வைத்த மாவு மெஷின் ஒன்றை எனக்கு வாங்கி அனுப்பினாள். எங்களுக்காகச் சுட்டது, கெட்டியாக இருந்தாலும் மைதா இல்லை என்பதற்காகவே தெருவுக்குப் பரவி, வாரத்தில் மூன்று நாள் ஆர்டருக்குச் செய்யும்படி ஆனது. அந்தச் சமயத்தில் உங்கள் கம்பெனியை மூடி மாதங்களாகியும் திறக்கவில்லை என்று தெரிந்து, உன்னை உதவிக்குக் கூப்பிட்டேன்.

முதல் நாள் நடையில் நின்று, “உள்ள வரலாங்களா?” என்று கேட்டாய். பள்ளிக்கூடத்தில் நீ என்னைக் கூப்பிட்டதெல்லாம் “ஏ புள்ள” என்றுதான். “இதென்ன புதுசா மரியாதை” என்று நான் சிரித்திருந்தால் போதும். சிரிக்கவில்லை. எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

நீ வருவதற்கு முன் நான் சுட்ட பிரட்டை வைத்து ஆளை அடிக்கலாம். அவ்வளவு கெட்டி. வந்த இரண்டாம் நாளே மாவை விரலால் அழுத்திப் பார்த்து, “இதுல தவிடு கெடக்குல்ல, அது தண்ணிய மெதுவாத்தான் குடிக்கும். செத்த நேரம் சும்மா விட்டுட்டுப் பெறகு பிசைவோம்” என்றாய். ஈரத்துணி போட்டு மூடி வைத்தோம். அன்றைக்குத்தான் பிரட் ஓவனில் உப்பி எழுந்தது. வாங்கியவர்கள் என்னைப் பாராட்டினார்கள். நீ பக்கத்தில் சொளகில் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாய். பாராட்டை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

பூச்சட்டிகளுக்கு வெடிமருந்து அடைத்த கைகள் உனக்கு. வந்த புதிதில் நகக்கண்ணில் கொஞ்சம் வெள்ளி மினுமினுப்பு இருந்தது. ஒரு மாதத்தில் அதுவும் போய்விட்டது. மாவைத் தொடுவதற்கு முன் முழங்கை வரை சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவுவாய். நான் ஒருநாளும் அப்படிக் கழுவியதில்லை.

எதிர்த்தெரு டீச்சர், பிரட் நாக்கில் நறநறக்கிறது, இன்னும் நைசாக இருந்தால் நல்லது என்றார். அன்றே நான் மெஷினின் திருகை இறுக்கினேன். மறுநாள் அரைத்துக்கொண்டிருந்தபோது நீ தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னாய்.

“சத்தம் வேற மாதிரி இருக்கே. கல்லும் கல்லும் உரசுது போல. மாவும் சுடுது பாருங்க.”

“ஒனக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்? வேலையப் பாரு.”

நீ சொளகைக் கையில் எடுத்தாய்.

அந்த வாரக் கடைசியில் டீச்சர் பாதி வெட்டிய பிரட்டோடு வந்தார். நீ அடுப்படி வாசலில் மாவுக் கையோடு நின்றாய். உன்னைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார். “மருந்து வாடை வருதுங்க. பிள்ளைகளுக்குக் குடுக்கவே பயமா இருக்கு. இவுக பட்டாசுக் கம்பெனியில இருந்தவுகதான?”

இல்லை, இவள் மருந்தைத் தொட்டு நாலு மாதமாகிறது, என்னைவிடச் சுத்தமானவள் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் நான் நினைத்தது என் ஆர்டர்களைத்தான்.

“கையக் கழுவு கழுவுன்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். கேட்டாத்தான.”

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். உன் கைகளைத்தான் குனிந்து பார்த்தாய், நிஜமாகவே அதில் ஏதோ ஒட்டியிருக்கிறதோ என்பது போல. பிறகு இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய்.

டீச்சர் போனதும், “கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்” என்றேன். “சரிங்க” என்றாய். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாய்.

நீ போன பிறகும் வாடை போகவில்லை. பத்து நாள் கழித்து, மாவு மில் வைத்திருப்பவரை அழைத்துக் காட்டினேன். கல்லைக் கழற்றித் தடவிப் பார்த்தவர், “இம்புட்டு இறுக்கி வச்சா கல்லு தேயாம என்னம்மா செய்யும்? இத்தன நாளும் கல்லுத் தூளவா சாப்பிட்டீக?” என்று கேட்டார். நீ சொன்ன அதே காரணம். சரியாக்கித் தந்தார். அடுத்த பிரட்டை வாங்கிக்கொண்டு டீச்சர், “இப்பத்தான் நல்லா இருக்கு. ஆள மாத்திட்டீகளா?” என்றார்.

“இப்ப எல்லாம் நானேதான் செய்யிறேன்” என்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

புதுப்பட்டிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். நான் வரவில்லை. ஒருமுறை சிவகாசி பஸ் ஸ்டாண்டில் தூக்குச்சட்டியோடு நின்றாய். கம்பெனி திறந்துவிட்டது, திரும்பப் போகிறேன் என்றாய். “அண்ணனுக்குச் சுகர் எறங்கிருச்சாங்க?” என்று கேட்டாய். நான் உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். எனக்கு எந்த வேலையும் இல்லை.

போன ஐப்பசியில் மஞ்சள் காமாலை கண்டு நீ போய்விட்டாய். மாலை வாங்கிக்கொண்டு வந்தேன். உன் மகள் எல்லாரிடமும், “அம்மாவோட சேக்காளி, ஒண்ணாப் படிச்சவுக” என்று சொல்லி எனக்கு நாற்காலி போட்டாள். நான் அதில் உட்கார்ந்தேன்.

மாடிப் பெண்ணிடம் அந்தப் பதிலைச் சொன்ன பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டிக்குப் போய் உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் இறுக்கிய திருகை, டீச்சரிடம் சொன்ன பொய்யை, காரணம் தெரிந்தும் வராமல் இருந்ததை. அவள் தீப்பெட்டி ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவளுடைய சின்ன மகள் மடியில் படுத்திருந்தாள்.

மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். “அதுக்குத்தானா? இவளுக்கு அம்மா ஒரு வாய்ச் சோறு கையால ஊட்டல. எப்பப் பாரு கரண்டிதான். ‘பிசைஞ்சு ஊட்டேம்மா’ன்னா, ‘என் கையில மருந்து வாடை போகலடி’ன்னுருவாக. புளியப் போட்டுத் தேய்ப்பாக, எலுமிச்சம்பழத்தப் போட்டுத் தேய்ப்பாக. நாங்க மோந்து பாத்து ஒண்ணும் இல்லன்னு சொன்னாலும் நம்பல.”

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அம்மா இருந்தப்ப வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

அவ்வளவுதான். திட்டவில்லை. போகும்போது “பாத்துப் போங்க” என்றாள்.

திரும்பி வந்ததும் டீச்சர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். “ஆளே போயாச்சு, இப்ப எதுக்குங்க அதெல்லாம்?” என்றார். மாடிப் பெண்ணிடமும் சொன்னேன். அதன் பிறகு என்னைக் கொஞ்சம் வேறு மாதிரிதான் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

உனக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அது கல்லின் வாடை. என் வீட்டு மாவைத் தொட்ட உன் கையில் ஒன்றும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

இன்று காலையிலும் ஆர்டருக்கு மாவு பிசைந்தேன். என் கண்ணால் பார்க்காத ஒன்றுதான் கண்முன் நின்றது. உன் பேத்தி வாயைத் திறந்துகொண்டு உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். சோறு ஆறுகிறது. நீ எழுந்து கரண்டியைத் தேடுகிறாய்.