பனியில் நின்று கொடுத்த வகாலத்

மண்டபம்
11.2.2026, புதன்கிழமை

அன்பு மகன் ஹமீது சுல்தானுக்கு உம்மா மெஹருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய கிருபையால் இங்கன நான் சுகம், தங்கச்சி அம்ரீன் பெரியபட்டினத்தில் மாமியார் வீட்டில் சுகம். உங்கள் சுகத்தை நான் கேட்கப் போவதில்லை. நீயும் லாமியாவும் பேத்தி இனாயாவும் பனியில் விழுந்து புரளுகிற அளவுக்குச் சுகமாக இருந்தீர்கள் என்பதை ஐம்பத்தெட்டு படத்தில் பார்த்துவிட்டேன். போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் கேட்டால் உனக்குச் சிக்னல் போய்விடும், இல்லையென்றால் மேனேஜர் கூப்பிடுவார். காகிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன், கடைசி வரை படி.

படம் எப்படி என் கைக்கு வந்தது என்று உனக்குத் திகைப்பாக இருக்கும். துபாயிலிருந்து ஊருக்குக் கிளம்பின சலாஹுதீனிடம் அந்த இரண்டு பிலிம் டப்பாவையும் கொடுத்து, ராமநாதபுரம் ஸ்டுடியோவில் நேராகக் கொண்டுபோய்க் கொடு, வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லி விட்டாயாம். அவன் அதையும் உன் சாமான்களோடு ஒரே அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்து என் நடுவீட்டில் இறக்கினான். வேறு எங்கே இறக்குவான். துபாயிலிருந்து யார் எதைக் கொடுத்துவிட்டாலும் பெட்டி பெத்தவள் வீட்டில்தான் இறங்கும், அவள்தான் கயிற்றை அறுப்பாள், அதற்குப் பிறகுதான் இது இன்னாருக்கு என்று பிரிப்பது. உன் வாப்பா கொழும்பிலிருந்து அனுப்பின காலத்திலும் அப்படித்தான். நீ மறந்துவிட்டாய், சலாஹுதீன் மறக்கவில்லை. கோடாலித் தைலத்துக்கும் பால்பவுடருக்கும் நடுவில் அந்த டப்பாக்களைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. போன தடவை வந்தபோது வாப்பாவுடைய இரண்டு கேமராவையும் பீரோவிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனாயே, பழுது பார்த்துப் பேத்தியைப் படம் பிடித்து உம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். சலாஹுதீன் முழிக்கிற முழியைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவி இங்கேயே கொண்டு வா என்று நான்தான் அவனை அனுப்பினேன். இப்போது ராமநாதபுரத்தில் கழுவுவது இல்லையாம், மெட்ராசுக்கு அனுப்பி வர பன்னிரண்டு நாள் ஆனது.

படம் வந்த அன்றைக்கு யார் இருந்தாள் தெரியுமா. அம்ரீனுடைய மாமியார் மஜீதா. அவளும் அம்ரீனும் நோன்புக் கஞ்சிக்கு அரிசி உடைக்க வந்திருந்தார்கள். அம்ரீன் அடுப்படியில் இருந்தாள். நான் பெருமையாக, என் மகன் பிடித்த படம் பாருங்கள் மச்சி என்று உறையைக் கிழித்து முதல் படத்தை அவள் கையிலேயே கொடுத்தேன். எல்லாம் ஒரே வெள்ளை. மரம் வெள்ளை, கூரை வெள்ளை, நடுவில் நீங்கள் மூன்று பேரும் உரித்த வெங்காயம் மாதிரி சிவந்த மூக்கோடு நிற்கிறீர்கள். மஜீதா படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "துபாய்ல பனி பெய்யுமா மச்சி" என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் குத்தல் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா. இது போன வருசத்துப் படம் என்றேன். இந்த வயதில், நோன்பு வாசலில் நிற்கிற நேரத்தில், உனக்காகச் சம்பந்திக்காரி முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும். இனாயாவுக்கு முன்பல் இரண்டும் போன மார்கழியில்தான் விழுந்தது, படத்தில் வாயில் பல் இல்லாமல் சிரிக்கிறாள்.

மறுநாள் சலாஹுதீனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பாவம், ஒவ்வொன்றாகச் சொன்னான். ஜனவரி எட்டாம் தேதியிலிருந்து பதிமூன்று வரை பனி பார்க்க ஜார்ஜியாவாம். பதினொன்றாம் தேதி இங்கே அம்ரீனுக்கு நிக்காஹ். கம்பெனியில் லீவு தரவில்லை உம்மா, கோடவுனில் சரக்கு கணக்கெடுப்பு உம்மா என்று நீ சொன்ன அதே ஆறு நாள். ஏன் போனில் படம் பிடிக்கவில்லை என்று கேட்டேன். "போன்ல எடுத்தா லாமியா ஸ்டேட்டஸ்ல போட்டுரும் மாமி, பழைய கேமரான்னா யாருக்கும் தெரியாதுன்னு ஹமீது காக்காதான் சொன்னாக" என்றான். ஏலே, அந்தக் கேமரா இரண்டும் உன் வாப்பா கழுத்தில் தொங்கின கேமரா. இந்தத் தெருவில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் கூப்பிடாமலே போய்ப் படம் எடுத்துக் கொடுத்த மனிதர். அவர் சாமானை எடுத்துக்கொண்டுபோய், தங்கச்சி கல்யாணத்துக்கு வராமல் இருந்ததை மறைத்தாயே, உனக்குக் கை கூசவில்லையா.

அந்த ஐம்பத்தெட்டில் ஒரு படத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதைத்தான் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். லாமியா எடுத்திருக்க வேண்டும், அதில் அவள் இல்லை. மற்ற எல்லாப் படத்திலும் நீ கம்பளிக் குல்லா போட்டிருக்கிறாய். இதில் மட்டும் தொழுகைத் தொப்பி. பனியில் முழங்கால் வரை நின்றுகொண்டு போனைக் காதில் வைத்திருக்கிறாய், இன்னொரு காதைக் கையால் பொத்தியிருக்கிறாய். வாப்பா மௌத்தான பிறகு அம்ரீனைக் கட்டிக் கொடுக்கிற பொறுப்புக்காரன், வலி, நீதான். உனக்குப் பதிலாக வாப்பாவுடைய தம்பி என்ற முறையில் சாச்சா நின்று அவளை நிக்காஹ் செய்து கொடுக்கலாம் என்று உன் வாயால் வகாலத் கொடுத்தால்தான் காரியம் நடக்கும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் போனை ஸ்பீக்கரில் போட்டு பந்தலில் வைத்தாரே, அந்த நேரம் அது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், அம்ரீன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உஸ் என்று இரைச்சல் கேட்டது. ஹஜ்ரத் அது என்ன சத்தம் தம்பி என்று கேட்டார். "கோடவுன் ஏசி ஓடுது ஹஜ்ரத்" என்றாய். வாடைக்காற்றோடு கிடக்கிற கடற்கரைக்காரிக்கு அது காற்று என்று தெரியாமல் போயிற்றே. அதற்கு அடுத்த வாயிலேயே என் தங்கச்சியை நிக்காஹ் செய்து கொடுக்க என் சாச்சாவுக்கு வகாலத் கொடுக்கிறேன் என்றாய். ஒரு பொய்யையும் நம்பி ஒப்படைக்கிற ஒரு அமானிதத்தையும் ஒரே மூச்சில் சொன்னவனை நான் பெற்றிருக்கிறேன். பாவம் காக்கா, வேலை நேரத்திலும் ஓடி வந்து பேசுகிறது என்று அம்ரீன் தேம்பினாள். அவள் கண் மையெல்லாம் என் முக்காட்டுத் தாவணியில் இறங்கியது, இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை.

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. மாப்பிள்ளை கப்பல் வேலைக்கு முன்கூட்டியே போக வேண்டும் என்று நாங்கள் தேதியை ஒரு மாதம் முன்னால் இழுத்தோம், நீ டிக்கெட்டை ஐப்பசியிலேயே போட்டுவிட்டாய். இனாயா பனி பார்க்கப் போகிறோம் என்று நாள் எண்ணிக்கொண்டு இருந்திருக்கும். அதை அப்படியே சொல்லியிருந்தால் என்ன. உம்மா, மாட்டிக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை. ஏசியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு மஜீதா காலில் விழுந்தாவது ஒரு வாரம் தள்ளியிருப்பேன். முடியாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வா என்று நானே சொல்லியிருப்பேன். நீ எனக்கு அந்த இடத்தையே தரவில்லை. பந்தலில் மாப்பிள்ளையின் மாமன், "ஒத்தத் தங்கச்சி நிக்காஹுக்கு வராத அண்ணன் என்ன அண்ணன்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். என் மகன் அடுத்தவன் வாசலில் நின்று சம்பாதிக்கிறான், உங்களை மாதிரி நினைத்தபோது படுத்து எழ முடியாது என்று நான் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு போனார். இப்போது தெருவில் அவர் எதிரே வந்தால் நான் குனிய வேண்டும். உன் மேனேஜர் வேறு. பிறந்த வீட்டுக் காரியத்துக்கு ஆளை விடாத கல்நெஞ்சக்காரன் என்று ஒரு மாதமாகத் தொழுகை முசல்லாவில் உட்கார்ந்து அந்த மனிதரை ஏசியிருக்கிறேன். அவர் லீவும் கொடுத்து, நல்லபடி போய் வா என்றும் சொன்னாராம். அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்.

இன்னொன்று. பிள்ளைக்குக் கையுறை போட்டிருக்கிறீர்கள், காதை ஏன் மூடவில்லை. பதினேழாவது படத்தில் காது இரண்டும் செக்கச் செவேல் என்று இருக்கிறது. லாமியாவிடம் சொல், நல்லெண்ணெய் காய்ச்சி வெதுவெதுப்பாகத் தடவச் சொல். நெஞ்சில் சளி கட்டியிருந்தால் மறைக்காமல் எழுது. இதையாவது மறைக்காதே.

சலாஹுதீன் வெள்ளிக்கிழமை ராத்திரி திருச்சியில் ஏறுகிறான், சனிக்கிழமை இது உன் கையில் இருக்கும். முதல் நோன்பைத் தாய்வீட்டில் பிடிக்க அம்ரீன் திங்கட்கிழமை வருகிறாள். படம் வந்த அன்றைக்கே அடுப்படியிலிருந்து உறையைப் பார்த்துவிட்டாள். காக்கா அனுப்பின படத்தை எனக்கு ஏன் காட்டவில்லை என்று போனில் இரண்டு தடவை கேட்டாள், வந்து பார் என்று சொல்லியிருக்கிறேன். நடுவில் உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. நீயே கூப்பிட்டு அவளிடம் சொல். லாமியாவை விட்டுச் சொல்லாதே, என்னை விட்டும் சொல்லச் சொல்லாதே. அழுவாள், அழட்டும். உன்னைப் பேசுவாள், கேட்டுக்கொள். மஜீதாவிடம் நான் சொன்ன பொய்யை நான் போய்த் திருத்திக்கொள்கிறேன், அந்த வெட்கம் என்னோடது.

இந்தப் படத்தில் உன் கன்னம் நனைந்திருக்கிறது. பனியா வேறு எதுவுமா என்று என் கண்ணாடியைப் போட்டும் தெரியவில்லை. தெரிந்தால் என் கோபம் குறைந்துவிடும் என்று நினைக்காதே.

அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நோயில்லாத வாழ்வையும் ஹலாலான பரக்கத்தையும் தருவானாக. உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் துஆவில் உன் பெயரை விடவில்லை, முதலில்தான் வருகிறது. நோன்பு நேரத்தில் வெயிலில் அலையாதே, சஹர் சாப்பாட்டுக்கு எழும்பாமல் படுத்துவிடாதே.

திங்கட்கிழமை அம்ரீன் கேட்டதும் மீதி ஐம்பத்தேழு படத்தையும் அவள் மடியில் வைப்பேன். நீ சொல்லியிருந்தாலும் வைப்பேன், சொல்லாவிட்டாலும் வைப்பேன். அவள் அதைப் பார்க்கும்போது அண்ணனைப் பார்ப்பாளா, ஏமாற்றினவனைப் பார்ப்பாளா என்பது ஞாயிற்றுக்கிழமை உன் கையில்.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற உம்மா
மெஹருன்னிசா