மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிவிட்டோம்

இருபத்தாறு வருஷம் ஒரே சமையலறையில் என்னோடு நின்ற என் மதினிக்கு,

நீங்கள் கண் மூடி இரண்டு வருஷம் ஆகிறது. உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். தி. நகர் வீட்டைக் காலி செய்துவிட்டோம். லிஃப்ட் இல்லாத அந்த மூன்றாம் மாடியை, உங்களை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கிய அந்த ஐம்பத்து நாலு படிகளை, ஒருவழியாக விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

வந்த கதை அவ்வளவு லேசானதில்லை. அதில் என் வீட்டுக்காரரை, உங்கள் தம்பியை, நான் சந்தேகப்பட்ட கதையும் இருக்கிறது. கோபப்படாமல் கேளுங்கள்.

போன ஆடியில் தொடங்கியது. செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வந்திருதேன்" என்று கிளம்புவார். நம் பாத்திரக்கடை முழுக்க மாரியப்பன் அண்ணாச்சி கையில் இருக்கிறது. இவருக்கு அங்கே என்ன வேலை? ஒரு வியாழக்கிழமை, இட்லிப் பானைக்கு மூடி வேண்டும் என்று கடைக்கு போன் செய்தேன். "முதலாளி இந்தப் பக்கம் வந்தே ஒரு மாசமாச்சே தாயி" என்றார் அண்ணாச்சி. உடனே, "இல்ல இல்ல, நேத்து எட்டிப் பாத்தாரு" என்று மாற்றினார். முதலில் சொன்னதை விட, மாற்றிச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம். போன் அடித்தால் பால்கனிக்குப் போகிறார். என் முன்னால் காபி குடிப்பதில்லை; "ஆறட்டும், வச்சிட்டுப் போ" என்கிறார். பேப்பர் படித்தால் கையை அதற்கு அடியில் வைத்துக்கொள்கிறார். முகம் கொடுத்துப் பேசவே இந்த மனுஷனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு விண்ணப்பத் தாள் கிடைத்தது. கோட்டூர்புரத்தில் ஒரு முதியோர் இல்லம். 'ஒருவர் தங்கும் அறை' என்ற இடத்தில் டிக் போட்டிருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் காலி.

ஒருவர்! யார் அந்த ஒருவர்? முட்டி தேய்ந்து, ஒவ்வொரு மாடிக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுபவள் நான்தானே? நாற்பத்தி மூன்று வருஷம் குடும்பம் நடத்தியவளை ஒரு தாளில் மடித்துப் பையில் வைத்திருக்கிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார், அந்தப் பொய்யையும் நான் நம்பிவிடுவேன் என்று பயம்.

தாளை இருந்த இடத்திலேயே வைத்தேன். அடுத்த செவ்வாய், அவர் ஏறிய ஆட்டோவுக்குப் பின்னால் நானும் ஒன்றைப் பிடித்தேன்.

"அந்த ஆட்டோ பின்னாலயே போப்பா."

"இன்னாமா, சினிமா மாதிரி கீது! முன்னால போறது யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி விடு, நான் ஒண்ணும் கேக்கல" என்றவர், கோட்டூர்புரம் வரைக்கும் அந்த ஆட்டோவை விடாமல் பிடித்துக்கொண்டே போனார்.

நூலகம் தாண்டி, ஆற்றங்கரைப் பக்கம் ஒரு தெருவில் இருந்தது அந்த இல்லம். உள்ளே வராந்தா கடைசியில் ஓர் அறை. கட்டில் மேல் உங்கள் தம்பி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த இல்லத்துப் பெண் ஒருத்தி, "அவசரமில்ல சார், மெதுவா எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கையில் பேனா. பேனா எழுதவில்லை மதினி. தாளின் மேல் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தாளுக்கு அடியில் ஒளித்தார். தாளும் சேர்ந்து ஆடியது.

"யாரு பேர எழுதப் போறீங்க?" என்றேன்.

"என் பேருதான் கோமதி."

அந்தப் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "இத்தனை நாளும் டாக்டர்கிட்டதான் போயிட்டிருந்தேன்; அவரு சொல்லிட்டாரு. இந்தக் கை ஆட்டம் கூடிக்கிட்டேதான் போகுமாம். அக்காவ நீ நாலு வருஷம் தூக்கி இறக்கிப் பாத்த. உன் முட்டி போனதே அதுலதான். இன்னொருத்தரத் தூக்க உன்னால முடியாது. அதான், நானே வந்து இருந்துக்கிடலாம்னு."

"உங்க அக்காவப் பாத்ததுக்கு நான் என்னைக்காவது குறை சொன்னேனா?"

"சொல்லல. அதான் பயமா இருக்கு."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். "ரெண்டு பேரு இருக்கிற மாதிரி ஒரு வீடு பாருங்க. மாடி ஏறாத வீடு. இல்லன்னா எங்கயும் போக வேண்டாம்" என்றேன். திரும்பும்போது ஒரே ஆட்டோவில் வந்தோம். வழியெல்லாம் அவர் கை என் மடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு என் சந்தேகமெல்லாம் வீடுகள் மேல் திரும்பியது. கீழே பார்க்கிங்கில் தூசி படிந்து கிடந்த உங்கள் சக்கர நாற்காலியைத் துடைத்து, மடக்கி, பார்க்கப் போன வீட்டுக்கெல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அடையாறில் ஒரு புதுக் கட்டடம். வயதானவர்களுக்காகவே கட்டியதாம். டை கட்டிய பிள்ளை, "எல்லாமே வீல்சேர் ஃப்ரெண்ட்லி மேடம்" என்றான். நாற்காலியை விரித்துக் குளியலறைக்குள் தள்ளினேன். இரண்டு சக்கரமும் கதவு நிலையில் இடித்து நின்றன.

"நார்மலா யாரும் இப்படி செக் பண்ண மாட்டாங்க மேடம்."

"விழுந்த பொறவுதான் பண்ணுவாங்க தம்பி."

மயிலாப்பூரில் ஒரு வீடு. காற்றும் வெளிச்சமும் நன்றாக இருந்தன. ஆனால் லிஃப்டுக்குப் போகவே ஐந்து படி ஏற வேண்டும். "அஞ்சே அஞ்சு படிதானே? எங்காத்துல எல்லாரும் ஏறிண்டுதான் இருக்கோம்" என்றார் வீட்டுக்கார மாமி. அவருக்கு என் வயதுதான் இருக்கும். கைப்பிடியை அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார் என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் கே.கே. நகரில் ஒரு தரைத்தளம் அமைந்தது. பழைய வீடு, பளபளப்பு ஒன்றுமில்லை. "ரோட்டுல இருந்து அப்டியே உள்ள போய்க்கினே இருக்கலாம்மா, ஒரு படி கெடையாது" என்றார் புரோக்கர். அவ்வளவு நல்லதாகச் சொன்னால் எனக்கு ஆகாதே! படி இல்லையென்றால் மழைத்தண்ணீரும் அப்படியே உள்ளே வராதா? ஐப்பசியில் மழை கொட்டிய ஒரு நாள் குடையோடு போய் அந்த வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். எதிரே இஸ்திரி போடும் அம்மாவிடம் கேட்டேன்.

"தண்ணி தெருக்கோடில நிக்கும்மா, இங்க ஏறாது. பதினஞ்சு வருசமா இங்கதான் பொட்டி போட்டுக்கினு கீறேன். எனுக்குத் தெரியாதா?"

அவர் சொன்னதை நம்பினேன். எனக்கு விற்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

குளியலறைக் கதவை அகலமாக்கி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றி, சுவரில் கைப்பிடி வைத்தோம். தையில் குடிவந்தோம். முதல் நாள் காலையில் நான் எழுந்து பார்த்தால் இவரைக் காணோம். பதறிப் போய் வாசலுக்கு ஓடினேன். பால் பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவிலிருந்து நடந்து வருகிறார். யாரையும் பிடிக்காமல், எங்கும் நிற்காமல் உள்ளே வந்துவிட்டார். வாசலைத் தாண்டுவது இவ்வளவு சின்ன விஷயமா மதினி?

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இன்னும் போகவில்லை. கடைசி நாலு மாதம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாளெல்லாம் நீங்கள், "இந்த வாரம் வேண்டாம் கோமதி, வலி கேட்டுப்போச்சு" என்றீர்கள். நிஜமாகவே வலி குறைந்திருந்ததா? உங்களைத் தூக்கி இறக்கும்போது ஒவ்வொரு மாடியிலும் அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்து பார்ப்பார்களே, நீங்கள் கணுக்காலில் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வீர்களே. அந்தப் படிகளுக்குப் பயந்துதான் வலியை விழுங்கினீர்களா? எல்லாரையும் சந்தேகப்படும் நான், உங்களை மட்டும் ஏன் ஒருமுறை கூடச் சந்தேகப்படவில்லை?

இன்று காலையிலும் உங்கள் தம்பி, "இன்னைக்குக் கை கொஞ்சம் தேவல" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை வாங்கி, என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தினமும் பார்ப்பேன். உங்களை நம்பியது போல இனி ஒருத்தரையும் நம்ப மாட்டேன் மதினி. இது சத்தியம்.

உங்கள் தம்பி பொண்டாட்டி,
கோமதி