முப்பத்தெட்டு அடி வீடு

மாடியில் துணி காயப்போட நீங்கள் கட்டிய படகுக் கயிற்றை இன்று அவிழ்த்தேன். வெள்ளையடிக்க வந்தவர்கள் அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, "என்னக்கா முடிச்சு இது, அறுத்துருதோம்" என்றார்கள். வேண்டாம் என்று நானே போய் உட்கார்ந்தேன். முடிச்சின் முதுகை மடக்கித் தள்ளினால் தானாக விட்டுக்கொடுக்கும் என்று நீங்கள் காட்டிக்கொடுத்தது கைக்கு நினைவிருந்தது. உள்ளே மறைந்திருந்த பகுதி மட்டும் வெளுக்காமல் நீலமாகவே இருந்தது. முகர்ந்து பார்த்தேன். டீசலும் உப்பும் பூஞ்சையும் கலந்த அந்தப் பழைய வாடை. நான்கு வருடம் எனக்குப் பிடிக்காத வாடை, இன்றும் பிடிக்கவில்லை. பிறகு அழுகை வந்துவிட்டது. வேலையாட்கள் மரியாதையாக இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். ஆனிக் காற்று கதவையெல்லாம் அறைகிறது. உங்களோடு பேச இதுதான் நேரம்.

கப்பல் இன்ஜினியர் மாப்பிள்ளை என்றுதான் எங்கள் வீட்டில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கப்பல் வேலையை விட்டுவிட்டு, லங்காவித் தீவில் ஒரு வயதான வெள்ளைக்காரரிடம் பழைய பாய்மரப் படகை வாங்கி, பெண்டாட்டி பிள்ளையை அதில் ஏற்றுவீர்கள் என்று ஜாதகத்தில் எந்தப் புண்ணியவானும் சொல்லவில்லை. கோமுவுக்கு அப்போது இரண்டு வயது. சங்கர் பிறக்கவில்லை. நம் ஊரில் தண்ணீர் என்றால் குழாயில் வருவது, அதுவும் வந்தால் உண்டு. எனக்கோ நீச்சல் தெரியாது. ஒரே ஒரு வருடம் என்றீர்கள். அது நான்கு வருடமாக இழுத்தது.

முப்பத்தெட்டு அடி. முன்பக்கப் படுக்கையிலிருந்து பின்பக்க ஏணி வரை நடந்தால் பதினொரு எட்டு, நான் எண்ணியிருக்கிறேன். அதற்குள்ளேயே அடுப்பு, மேசை, கக்கூஸ், கோமுவின் பாடப் புத்தகம், ஈரத் துணி, நீங்கள், நான், நம் சண்டைகள். படகு சாய்ந்து ஓடும்போது இடுப்பில் பட்டை மாட்டிக்கொண்டு குக்கரைப் பிடித்தபடி சாதம் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு நெஞ்சைச் சுற்றி வார், வாரில் கயிறு, கயிற்றின் நுனியில் கொக்கி. மேலே வந்தால் கொக்கியை மாட்டியே ஆகவேண்டும். கோமு தன் பொம்மைக்கும் ஒன்று மாட்டுவாள். எனக்குக் கொக்கி தேவைப்படவில்லை, நான் எங்கே போய்விடப் போகிறேன்?

கரையோரம் சிக்னல் கிடைக்கும்போது ராயகிரியிலிருந்து அக்கா பேசுவாள். "குடுத்து வச்சவட்டி நீ, ஊர் ஊரா சுத்துத" என்பாள். நான் ஆமாக்கா என்பேன். ஊர் ஊராகச் சுற்றியது படகுதான். நான் பதினொரு எட்டுக்குள்தான் சுற்றினேன்.

பிறகு ஏன் இருந்தேன்? சங்கரின் பிரசவத்துக்கு ஊருக்கு வந்தேனே, அப்படியே தங்கியிருக்கலாம். ஐந்து மாதக் குழந்தையோடு திரும்பி வந்தேன். உங்கள் முகத்துக்காகத்தான் வந்தேன். கப்பலில் இருந்து லீவுக்கு வரும்போது பாதி ஆளாக வருவீர்கள். படகில் சுக்கானைப் பிடித்து நிற்கும்போது முழு ஆளாக இருந்தீர்கள். சுருதியே இல்லாமல் பாடுவீர்கள். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் இருந்த இடத்தைத்தான் பிடிக்கவில்லை.

சங்கருக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. கரை சேர இன்னும் மூன்று நாள் ஓடவேண்டும். இருந்த மருந்தைக் கொடுத்தோம், தணிவதும் ஏறுவதுமாக இருந்தது. நம் ஊரில் என்றால் என்ன செய்வார்கள்? மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து, பிள்ளையைக் கூட்டிவருகிறேன் என்று கோமதியம்மனுக்கு வேண்டிக்கொள்வார்கள். படகில் மஞ்சள் துணிக்கு எங்கே போக? வெள்ளைத் துணியை மஞ்சளில் முக்கலாம் என்றால், மஞ்சள்பொடி டப்பா முந்தின நாள் அலையில் கவிழ்ந்து தரையோடு போயிருந்தது. கொடிகள் வைக்கும் பெட்டியைத் திறந்தேன். மேலாக ஒரு மஞ்சள் கொடி மடித்திருந்தது. பாதியை வெட்டி, ரூபாயை முடிந்து, சங்கரின் தலைமாட்டில் கட்டிவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் மேலே இருந்தீர்கள், நான் அழுதுகொண்டிருந்தேன்.

அந்தக் கொடி எதற்கென்று துறைமுகம் வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. வேறு நாட்டுக்குள் நுழைகிற படகு மஞ்சள் கொடி ஏற்றி, தள்ளி நங்கூரம் போட்டு நிற்கவேண்டும். அதிகாரிகள் வந்து பார்த்து முத்திரை குத்தும்வரை ஒருவரும் கரையில் கால் வைக்கக்கூடாது. ரேடியோவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னீர்கள். கொடியை ஏற்றிவிட்டு நில்லுங்கள், வருகிறோம் என்றார்கள். நீங்கள் பெட்டியைத் திறந்து, கையில் பாதிக் கொடியோடு என்னைப் பார்த்தீர்கள். பிறகு சங்கரின் தலைமாட்டைப் பார்த்தீர்கள். அந்தப் பாதியையே ஏற்றினீர்கள்.

அது பாய்மரத்துக் கம்பிக் கயிற்றில் சுருண்டு, கொடியென்றே தெரியாமல் ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமை காலை அதிகாரிகளின் படகு வந்து, நமக்குப் பக்கத்தில் மஞ்சள் கொடியோடு நின்ற இன்னொரு படகைப் பார்த்து முடித்து, நம்மைத் தாண்டித் திரும்பிப் போய்விட்டது. நீங்கள் கையை வீசிக் கத்தியதை ஏதோ முகமன் என்று நினைத்து அவர்களும் கை அசைத்தார்கள். ரேடியோவில் மறுபடி மறுபடி கூப்பிட்டீர்கள். வேறு யாரோ எடுத்து, வருவார்கள் என்று மட்டும் சொன்னார்கள். கரை கண்ணெதிரே இருந்தது. ஆட்டோ போவதும், ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதும் தெரிந்தது. நெருப்பாகக் கொதிக்கிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையாலேயே பூட்டின பூட்டு.

நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சண்டை வரும்போதெல்லாம் சொல்வீர்களே, "இங்கன கோவத்துக்கு எடமில்லட்டி, முப்பத்தெட்டு அடிதான் இருக்கு" என்று. அன்றைக்கு அதுகூடச் சொல்லவில்லை. மத்தியானம் திடீரென்று எழுந்து, எனக்கு நினைவுக்கே வராத கோமுவின் மஞ்சள் பாவாடையை எடுத்து, நாடாவிலேயே கட்டி ஏற்றினீர்கள். காற்றில் அது அப்படி விரிந்தது. ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். வந்த பெரியவர் மேலே பார்த்துச் சிரித்துவிட்டார். கோமு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அது என்னோடது, எறக்கிக் குடுங்க" என்று தமிழிலேயே அவரை மிரட்டினாள். அன்று சாயங்காலமே டாக்டர் ஊசி போட்டார். மூன்றாம் நாள் சங்கர் சிரித்தான்.

அவன் சிரித்தபிறகுதான் நான் வாயைத் திறந்தேன். "என்னையும் பிள்ளைகளையும் ஊருல கொண்டு விட்ருங்க. என்னால முடியல" என்றேன். நீங்கள் ஒரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். சுருட்டி முடித்து, மாட்டிவிட்டு, சரி என்றீர்கள். கொண்டுவிட்டுத் திரும்பிவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் படகையே விற்றுவிட்டு வந்தீர்கள். கோயிலில் வேண்டுதலை முடித்து, சங்கரின் நெற்றியில் புற்றுமண்ணை நீங்கள்தான் பூசினீர்கள். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, இனி என்ன வேலை பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டீர்கள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தக் குரலைக் கவனிக்கவில்லை.

பிறகு கவனித்தேன். காற்றாலைப் பராமரிப்பு வேலைக்குப் போனீர்கள். படகுப் பழக்கத்தில் அரை வாளியில் குளித்துக் கீழ்வீட்டு அம்மாவிடம் நல்ல பேர் வாங்கினீர்கள். பாடுவது நின்றுபோனது. ஆனி ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று இறங்கும்போது விடிவதற்கு முன்பே மாடிக்குப் போய்விடுவீர்கள். ஒருநாள் பின்னாலேயே வந்து பார்த்தேன். துணிக் கயிற்றை இரண்டு விரலால் பிடித்து, அதன் இழுவையைப் பார்த்தபடி மேற்கு நோக்கி நின்றிருந்தீர்கள். மொட்டைமாடியும் ஏறக்குறைய முப்பத்தெட்டு அடிதான்.

மனசு கேட்கவில்லை. நீங்கள் மட்டும் ஆறு மாதம் போய்வாருங்கள், யாருடைய படகிலாவது வேலை கிடைக்குமே என்றேன். கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினீர்கள்.

"நீ நாலு வருசம் எனக்காவ அங்கன கெடந்தல்லா. நானும் நாலு வருசம் இங்கன இருந்துக்கிடுதேன். அதுக்குப் பொறவு போவட்டுமான்னு உங்கிட்ட கேக்கேன்" என்றீர்கள்.

நான் வற்புறுத்தவில்லை. ஒரு பேச்சுக்குச் சொல்லியாகிவிட்டது என்று நிம்மதியாகக் கீழே இறங்கி வந்தேன். ஊர் திரும்பிய மூன்று வருடம் நான்கு மாதத்தில், வேலைக்குக் கிளம்பும்போது, ஷூ மாட்டக் குனிந்த இடத்திலேயே உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

இந்த ஆனியோடு அந்த நான்கு வருடம் முடிகிறது. நீங்கள் இருந்தால் இந்த வாரம் கேட்டிருப்பீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், போயிட்டு வாங்கன்னு அவரை அனுப்பத்தான் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம்கூட அப்படித்தான் சொன்னேன். உங்களிடம் பொய் சொல்ல முடியாது. நான் விட்டிருக்க மாட்டேன். சங்கர் சின்னப் பிள்ளை, கோமு ஆறாவது போகவேண்டும், அடுத்த ஆனிக்குப் பார்ப்போம் என்றிருப்பேன். நீங்களும் சரி என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பீர்கள்.