சிங்கம் வரைந்த முதுகு

தண்ணீர் விட்டு உரசும் காவிக்கல்லில் புதுமழை மணக்கும் என்பார்கள். எனக்கு அது உன் முதுகின் மணம்.

இன்று வேலம்பாளையத்தில், சரசக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே ஒரு பெண்ணுக்கு அக்கி எழுதுகிறார். பக்கத்தில் உன் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் என் பையை வைத்திருக்கிறேன். காலியாக விட்டால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த இடத்தைக் கண்டுபிடித்தது நீதான். கோவை ஆய்வகத்தில் உனக்கு ஹெர்பிஸ் வைரஸ்கள், எனக்கு ரெட்ரோ வைரஸ்கள். உன்னுடையது சின்ன வயதில் அம்மையாக வந்துவிட்டு, நரம்பின் வேரில் படுத்துத் தூங்கும். உடம்பின் காவல் தளர்ந்தால் அக்கியாக எழும்பும். என்னுடையது அந்தக் காவலையே தின்னும் எச்.ஐ.வி.

"என்ற வைரஸ் வாடகைக்கு இருக்குது புள்ள. உன்றது ஊட்டையே எழுதி வாங்கிக்குது" என்பாய்.

இளவயதில் அக்கி வந்தால் எச்.ஐ.வி.யைத் தேட வேண்டும். ஆனால் பனியன் கம்பெனி ஆட்கள் அக்கிக்கு ஆஸ்பத்திரி வருவதில்லை. எழுதிக்கொள்ளப் போவார்கள். காவியைக் குழைத்து, கொப்புளங்களின் மேல் சிங்கம் வரைந்து அனுப்புவார் சரசக்கா.

"அப்ப நாம அங்க போயி உக்காந்துக்கலாம்" என்றாய். அவ்வளவுதான் உன் ஆய்வு முறை.

முதலில் வந்தவன் ஒரு டெய்லர். எங்கள் தூத்துக்குடிப் பக்கம். முதுகில் சிங்கம், தோளில் சட்டை.

"ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக்கலாமுங்களா?" என்றாய்.

"எதுக்குக்கா? அதான் சிங்கம் பாத்துக்கிடும்லா."

"அது வெளிய பாத்துக்கும். உள்ள நாங்க பாக்கறமுங்க."

சிரித்தான். கையை நீட்டினான். பாசிட்டிவ் என்று வந்தது. இன்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இதே ஊரில் ஓவர்லாக் அடிக்கிறான்.

பிறகு உன் முதுகிலேயே வந்தது. இடப்பக்கம், பட்டையாக. அம்மாவின் மனதுக்காக எழுதிக்கொண்டாய். எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டாய்.

"பூனை மாதிரி இருக்குட்டி."

"சிங்கந்தானுங் கண்ணு" என்றார் சரசக்கா, கோபப்படாமல்.

சிரித்தோம். இரண்டு பேர் மனதிலும் ஒரே கேள்வி. சில மாதங்களுக்கு முன் யாருக்கோ ரத்தம் எடுக்கையில் உன் விரலில் ஊசி ஏறியிருந்தது. வீட்டில் நீ சொல்லவில்லை.

உன் ரத்தத்தை நான்தான் பார்த்தேன். நெகட்டிவ். திரும்பப் பார்த்தேன். நெகட்டிவ்.

பேக்கரியில் ஆளுக்கொரு தேங்காய் பன். நீ இன்னொன்றும் கேட்டாய். "இனி ஒரு கேள்வியும் இல்ல புள்ள."

காவலைத் தளர்த்துவது எச்.ஐ.வி. மட்டுமல்ல. பாடத்திலேயே உண்டு. ஆனால் வைரஸையே பார்த்துப் பழகிய நாம் வேறு எதையும் தேடவில்லை. உன் களைப்புக்கு பஸ்ஸைக் குறை சொன்னோம். நீ இளைத்ததற்கு மெஸ் சாப்பாட்டை.

ரத்தப் புற்று என்று தெரிந்தபோது அது வெகுதூரம் போயிருந்தது.

வார்டில் நீதான் பேசினாய். "கேட்டதுக்கு ரத்தம் சரியாத்தான் பதில் சொல்லுச்சு. நாமதான் ஒண்ணு கேட்டதோட நிறுத்திக்கிட்டோம்."

ஆய்வகத்தில் உன் ஸ்டூலை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். ஃப்ரீசரில் உன் கையெழுத்தோடு குழாய்கள். ஒரு முடிவு வந்தால் திரும்பிப் பார்க்கிறேன். சுவர்.

நம் கட்டுரை அச்சாகிவிட்டது. உன் பெயருக்கு மேல் ஒரு சிறு குறி, இறந்தவர் என்பதற்கு. பார்க்கச் சிலுவை மாதிரியே இருக்கிறது. முருகன் கோயில் வீட்டுப் பிள்ளைக்கு. உன் கேலி எனக்கு முன்கூட்டியே கேட்டது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாமல் பக்கத்தைத் திருப்பினேன்.

அந்தப் பெண் வெளியே வருகிறாள். கம்பெனியில் செக்கிங் வேலை. போன வாரம் ரத்தம் கொடுத்தவள். முதுகில் காவி இன்னும் காயவில்லை.

"ரிசல்ட் எப்படிங்கக்கா வந்துச்சு?"

"நெகட்டிவ்."

அவள் முகம் மலர்கிறது. எனக்கு அந்த முகத்தைத் தெரியும். வாய் நிறையத் தேங்காய் பன்னோடு பார்த்திருக்கிறேன்.

"அப்ப போகட்டுங்களா?"

உன் நாற்காலியிலிருந்து பையை எடுத்துக் கீழே வைக்கிறேன்.

"உக்காரு கண்ணு. இன்னும் ஒண்ணு கேக்கோணும்."